நான் எழுதிய மூன்று

போன வாரம் கோப்பெங் போகும் பஸ்ஸில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கண்ணாடி வளையல் இரும்புக் கம்பியில் படும் சத்தம். எனக்கு முன்னால் நின்ற பெண் கம்பியைப் பிடித்திருந்தாள். வண்டி சாயும் ஒவ்வொரு வளைவிலும் டிங், டிங். பக்கத்தில் இருந்தவர் கைப்பேசியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே மணியை அழுத்தி இறங்கிவிட்டேன். நல்ல மழை. நனைந்துகொண்டே நின்றேன்.

பிள்ளை பெற்ற பெண்கள் படுத்திருக்கும் வார்டில் இருபத்தாறு வருடம் தாதியாக இருந்தேன். ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். காரணம் கேட்ட கட்டத்தில் முதுகுவலி என்று எழுதினேன். வலியைப் பற்றி நான் எழுதிய பொய்களில் அது கடைசி.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். தையலைப் பார்ப்பது, கட்டு மாற்றுவது, முதல் நாள் எழுப்பி நடக்கவைப்பது எல்லாம் என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான்.

உங்களுக்குத் தெரியும். வலி எவ்வளவு என்று நோயாளியைக் கேட்கிறோம். பூஜ்யத்திலிருந்து பத்துவரை அவர் ஓர் எண் சொல்கிறார். நாம் எழுதுகிறோம். நாலு என்றால் மருத்துவரைக் கூப்பிடவேண்டும். மூன்று என்றால் வேண்டாம். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருப்பது ஒரு தொலைபேசி, அதை எடுக்க நீளவேண்டிய ஒரு கை.

முதலில் அந்தக் கை எப்படிச் சுருங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பயிற்சியில் இருந்த முதல் மாதம். பிரசவ அறையில் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். ஐயோ, அம்மா, ஐயோ, அம்மா. மதியம் தேநீர் குடிக்கும் அறையில் ஓர் இளம் மருத்துவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதே ராகத்தில் "ஐயோ, அம்மா" என்று கத்திக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மலாய்க்காரர், சீனர் என்றில்லை, எல்லோரும். நானும்.

அன்று வார்டுக்குத் தலைமைத் தாதியாக இருந்தவர் யாழ்ப்பாணத் தமிழர். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா, அண்ணன் வக்கீல். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எங்கள் இருவர் தமிழுக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தது. அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, ஆர் முதல்ல சிரிச்சது எண்டு பாத்தனியோ?"

"தெரியல சிஸ்டர்."

"நீதான். எங்கட சனம் கத்தினா உனக்குத்தான் முதல்ல வெக்கமாக் கிடக்கு. அதான் சிரிச்சனி."

"அப்ப என்ன செய்யணும் சிஸ்டர்?"

"மற்றவை வந்து அடக்க முந்தி நீ அடக்கு. அவை சிரிக்க இடம் குடாதை."

ஒரு வருடம் கழித்து அவரே சொன்னார்: "உன்னைத் தோட்டத்துப் பிள்ளை எண்டு இப்ப ஒருத்தரும் சொல்லமாட்டினம்." அதை நான் பதக்கம் போல வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்ற அளவுக்கு அறிவு இருந்தது. அந்தச் சொல் யாரைச் சுடும் என்று யோசிக்கும் அளவுக்கு இல்லை.

அப்படித்தான் நான் ரிமோட் ஆனேன். ஆமாம், வார்டில் எனக்கு அதுதான் பட்டப்பெயர். "ஆறாம் கட்டில்ல வால்யூம் ஜாஸ்தி, ரிமோட் எங்க?" என்பார்கள். நான் போவேன். தமிழில் நாலு வார்த்தை. சத்தம் நின்றுவிடும். திரும்பி வரும்போது மருத்துவர்கள் கை தட்டுவது போலப் பாவனை செய்வார்கள். நான் தலை குனிந்து வணங்குவது போலப் பாவனை செய்வேன். அந்த நாலு வார்த்தை என்னவென்று அவர்களுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும் என்பதால் எழுதுகிறேன்: "மானத்த வாங்காத. வாய மூடு."

இன்னொன்றும் பழகிவிட்டது. சீனப் பெண் ஐந்து என்றால் ஐந்து எழுதுவேன். மலாய்ப் பெண் ஆறு என்றால் ஆறு. நம் பெண் "உசிரு போவுது மிஸ்ஸி" என்றால் மூன்று. நம்மவர்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள், எனக்குத் தெரியாதா? பாதிக்கு மேல் கழித்துவிட வேண்டும். இப்படி யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. பின்னாளில் சிஸ்டர் மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் அடக்கச் சொன்னார். குறைத்து எழுதச் சொல்லவில்லை. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

இனி லோகா.

லோகேஸ்வரி என்பது முழுப்பெயர். இருபத்து நாலு வயது, கையுறைத் தொழிற்சாலையில் வேலை, கணவன் மணல் லாரி ஓட்டுகிறவன். ரப்பர் தோட்டத்தை அழித்து வரிசை வீடு கட்டிய ஒரு தாமானிலிருந்து வந்தார்கள். தலைப்பிள்ளை. வயிற்றில் குழந்தையின் துடிப்பு இறங்கியதால் காலையில் அவசரமாக அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை, நல்ல கனம். லோகாவின் கைகள் நீர் கோத்து வீங்கியிருந்ததால் வளைகாப்பு வளையல்களில் இரண்டு மட்டும் கழலவில்லை. பிளாஸ்திரி போட்டு ஒட்டித்தான் அறுவை அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு நான் வேலைக்கு வந்தேன். அந்தப் பிளாஸ்திரியைப் பிரித்துவிட்டது நான்தான்.

"மிஸ்ஸி, வயிறு என்னமோ மாதிரி இருக்கு. உசிரு போவுது மிஸ்ஸி."

"அறுத்தா வலிக்காம சிரிப்பா வரும்? எல்லாருக்கும் இப்படித்தான். பக்கத்துக் கட்டில்ல பாரு. அந்தச் சீனப் பொண்ணுக்கும் இதே ஆப்பரேஷன்தான். எவ்ளோ அமைதியா இருக்கு."

"தோளும் வலிக்குது மிஸ்ஸி."

"வயித்தக் கிழிச்சா தோளு எப்படிமா வலிக்கும்?"

வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினால் தோளில் வலி தெரியும். நான் அதைப் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஒரு சீனப் பெண் அதையே சொல்லியிருந்தால் என் தலைக்குள் மணி அடித்திருக்கும். லோகா சொன்னபோது என் தலைக்குள் வந்தது ஒரே ஒரு சொல்: நடிப்பு.

அவள் குரலை உயர்த்தினாள். கவுண்டரிலிருந்து யாரோ, "ரிமோட்!" என்றார்கள்.

நான் குனிந்து அவள் காதருகே அந்த நாலு வார்த்தையைச் சொன்னேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூன்று மணிக்கு மூன்று என்று எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. கட்டிலின் பக்கக் கம்பியை அவள் பிடித்துக்கொண்டாள். வலி ஏறும்போது கை நடுங்கும். வளையல் கம்பியில் தட்டும். டிங், டிங், டிங். கொஞ்சம் நிற்கும். மறுபடி. கவுண்டரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகவே கேட்டது. கத்தலை விட இது தேவலை என்று நினைத்தேன். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தேன். நாலு மணிக்கும் மூன்று என்று எழுதினேன். நாடி ஏறியிருந்தது. அழுதால் ஏறும்.

நாலரைக்குப் பார்வையாளர் நேரம். லோகாவின் மாமியார் ஃபிளாஸ்கில் பூண்டு ரசத்தோடு வந்தார். தோட்டத்தில் கங்காணியையே எதிர்த்துப் பேசியிருப்பார் போன்ற குரல்.

"என்னா மிஸ்ஸி, எங்க மருமவ ரொம்பப் படுத்துறாளா? நாங்கல்லாம் ஏழு பெத்தோம். எட்டாவது நாளு வாளியத் தூக்கிட்டு மரம் சீவப் போயிட்டோம். இதுங்களுக்கு ஒன்னுக்கே இந்தப் பாடு."

"நல்லாச் சொல்லுங்கம்மா. அப்பவாச்சும் புத்தி வரட்டும்."

இருவரும் சிரித்தோம். கட்டிலில் கிடந்தவளின் தலைக்கு மேலே, அவளைத் தாண்டி, இரண்டு பெண்கள் சிரித்தோம்.

சிரித்தபடியே மாமியார் லோகாவின் கையைத் தொட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

"மிஸ்ஸி, கை சில்லுன்னு இருக்கே?"

"ஏர்கான்மா. போர்த்தி விடுங்க."

அவர் போர்த்திவிட்டார். ஆனால் ரசத்தை ஊற்றவில்லை. ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு மருமகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பயிற்சியும் என் இருபது வருட அனுபவமும் பார்க்காததை அந்தக் கிழவியின் உள்ளங்கை பார்த்துவிட்டது. என்னை எதிர்த்துப் பேச மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை. வெள்ளைச் சட்டைக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

ஐந்து மணி. மூன்று.

ஹஸ்னா என்னோடு அதே நேரத்தில் வேலையில் இருந்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். தாய்ப்பால் கொடுக்க ஒருத்திக்கு உதவிவிட்டு வந்தவள், வரும் வழியில் நின்றாள். காதைச் சாய்த்தாள். டிங், டிங். எனக்கு இரண்டு மணி நேரமாகக் கேட்டுப் பழகிய சத்தம் அவளுக்குப் புதிது. நேராக லோகாவின் கட்டிலுக்குப் போனாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் பத்துச் சொல் இருக்கும்.

"தங்கச்சி, வலியா? எவ்ளோ?"

லோகா முதலில் என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கும் பார்வை. பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஐந்து விரலையும் விரித்தாள். மூடினாள். மறுபடி ஐந்தையும் விரித்தாள்.

ஹஸ்னா போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். அவள் ஓடவில்லை, வேகமாக நடந்து கவுண்டருக்கு வந்தாள். தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்திக்கொண்டே என் தாளைப் பார்த்தாள். மூன்று, மூன்று, மூன்று. மலாயில், தணிந்த குரலில், கோபமே இல்லாமல், எப்போதும் போல அக்கா என்ற பொருளில் "காக்" என்று கூப்பிட்டே கேட்டாள்:

"காக், இந்த மூணு அவங்க சொன்னதா, நீங்க சொன்னதா?"

அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். மருத்துவர்கள், ரத்தப் பைகள், கையெழுத்துகள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடியவர்களில் நானும் இருந்தேன். தாழ்வாரத்துச் சன்னல்களில் மழை அறைந்தது. லோகாவின் கை மறுபடி கம்பியைப் பிடித்திருந்தது. வளையலை ஒட்ட இந்த முறை யாருக்கும் நேரமில்லை. அவள் என் சட்டையைத் தொட்டாள். ஏதோ சொல்ல வந்தாள். நான் குனிந்தேன்.

"மிஸ்ஸி, நான் கத்தவே இல்ல."

நன்றாகப் படித்தேன் என்று டீச்சரிடம் சொல்லும் பிள்ளையின் குரல். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கர்ப்பப்பையைக் காப்பாற்ற முடியவில்லை. வெளியே வந்த மூத்த மருத்துவர் தொப்பியைக் கழற்றியபடி, "மூன்று மணிக்கே கூப்பிட்டிருந்தால்..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. மாமியார் அங்கேதான் நின்றிருந்தார். ஃபிளாஸ்க் இன்னும் கையில் இருந்தது.

தங்கைகளே, தம்பிகளே, அவள் தேறிய கதையையும் கேளுங்கள். ஒரே வயிற்றை ஒரே நாளில் இரண்டு முறை திறந்தால் அந்த உடம்பு எப்படித் திரும்பி வரும் என்று நீங்களும் பார்ப்பீர்கள். இருமினால் வலி. சிரித்தால் வலி. பிள்ளை அழுதால் தூக்க நினைக்கும், அந்த நினைப்பே வலி. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து எங்கள் வார்டுக்கு அவள் திரும்பி வந்தது நாலாம் நாள். முதல் முறை எழுப்பி உட்காரவைக்க நானும் ஹஸ்னாவும் போனோம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, தோளைத் தாங்கித் தூக்கவேண்டும். பாதி எழுந்த நிலையில் அவள் முகம் சுண்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"மிஸ்ஸி, இப்ப கொஞ்சம் சத்தம் போட்டுக்கலாமா?"

ஹஸ்னாதான் சொன்னாள்: "போடு லா, தங்கச்சி! சத்தமா போடு!"

அவள் போட்டாள். அம்மா என்ற ஒரு சொல். வார்டு முழுவதும் கேட்டது. இருபது வருடமாக நான் எந்தச் சிரிப்புக்குப் பயந்து நம் பெண்களின் வாயை மூடினேனோ, அந்தச் சிரிப்பு எங்கிருந்தும் வரவில்லை. எதிர்க் கட்டில் மலாய்ப் பெண் தன் தையலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து வந்தாள். தன் தலையணையை நீட்டி, வயிற்றோடு அணைத்துக்கொள், வலி குறையும் என்று கையால் காட்டினாள். லோகா அதை அணைத்துக்கொண்டு அழுதாள். நான் கட்டிலின் சக்கரம் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்து விசாரணைக் கூட்டம் நடந்தது. என் தாள் மேசைமேல் இருந்தது. எல்லோரும் மூன்று மூன்றைப் பார்த்தார்கள். நோயாளி தன் வலியைக் குறைத்துக் கூறியுள்ளார் என்று குறிப்பு எழுதப்பட்டது. ஹஸ்னா என்னைப் பார்த்தாள். நான் பிஸ்கட் தட்டைப் பார்த்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர், "உங்கள் இனத்துப் பெண்கள் வழக்கமாகச் சொல்லிவிடுவார்களே, இவர் பாவம், பொறுத்துக்கொண்டுவிட்டார்" என்றார். நான் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் ஹஸ்னா சொன்னாள்: "நானே சொல்லியிருப்பேன் காக். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்." அதன்பிறகு அவள் என்னை ரிமோட் என்று கூப்பிட்டதில்லை. மற்றவர்கள் கூப்பிட்டால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

அந்தக் கோப்பு இன்னும் எங்கோ ஒரு பெட்டியில் இருக்கும். அதில் இன்னும் மூன்றுதான். இதை உங்களுக்கு எழுதிவிட்டதால் அது மாறிவிடாது. நான் லேசாகிவிட்டேன் என்றும் நினைக்காதீர்கள். அதன்பிறகு வேலையில் இருந்த வருடங்களில் ஒரு பெண் சொன்ன எண்ணை நான் மாற்றி எழுதியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல வாய் வரவில்லை, அது முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலை. நம் மொழி தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், வார்டில் அந்தப் பெண்ணுக்கு இருக்கும் ஒரே வாய் நீங்கள். எண்ணை எழுதும் அதே கையால் அவள் வாயைப் பொத்தவும் முடியும். எது எளிது, எதற்குக் கைதட்டல் கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். பேனாவை எடுக்கும்போது ஹஸ்னாவின் கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

லோகா வீட்டுக்குப் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

காலை பத்து மணி. கணவன் லாரியை விட்டுவிட்டு யாரிடமோ கார் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். லோகாவின் கை வீக்கம் வடிந்திருந்தது. அந்த இரண்டு வளையலும் தாமாகவே கழன்றன. மாமியார் அவற்றைக் கைக்குட்டையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"பிள்ளப்பேறு பாத்த கைக்கு வளையலக் குடுக்குறது எங்க வழக்கம் மிஸ்ஸி. அன்னாடம் கூட இருந்து பாத்தது நீங்கதான். வாங்கிக்குங்க."

நான் ஹஸ்னாவைத் திரும்பிப் பார்த்தேன். கவுண்டரில் எழுதிக்கொண்டிருந்தவளின் பேனா நின்றிருந்தது. நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

லோகா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன் மிஸ்ஸி. டாக்டர் சொன்னாரு, நான் வலியக் கொறச்சிச் சொல்லிட்டேனாம். எனக்கு வெளங்கல. நான் சொன்னேன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அவள் நின்றாள். அவசரப்படவில்லை. நான் சொல்வதற்கு வேண்டிய நேரம் முழுவதும் இருந்தது.

"பரவால்லமா," என்றேன். "அடுத்த தடவ கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மாமியார் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். லோகாவுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. என் கையிலிருந்த கைக்குட்டையை ஒருமுறை பார்த்தாள்.

"வாரேன் மிஸ்ஸி."

"ஆஸ்பத்திரில வாரேன்னு சொல்லக்கூடாது புள்ள," என்றார் மாமியார்.

"அதுவும் சரிதான்," என்றாள் லோகா. "எனக்கு ஏது அடுத்த தடவ. போறேன் மிஸ்ஸி."